மேமான்கள் குடியிருந்த தெரு

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். வீடுகளைக் கணக்கெடுக்கப் புதிய படிவம் தயாராகிறதாம். பழைய ஆள் ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லது என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து அலுவலகத்துக்கு என் நினைவு வந்ததே பெரிது என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு பக்கம். சுவர் என்ன, கூரை என்ன, குழாய் உண்டா, கழிப்பறை உண்டா. மூன்றாம் பக்கத்தில் ‘வீட்டுக்காரருக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே தேர்ந்தெடுக்க நாலு சொற்கள்: உரிமையாளர், உறவினர், வாடகைக்காரர், விருந்தினர்.

கடைசிச் சொல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அந்தப் பெண், “எதுவும் தப்பா சார்?” என்றார். தப்பில்லை, அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தால் மத்தியானம் ஆகிவிடும், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்களா என்றேன். அவருக்கு இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து சென்னை போய், அங்கே கப்பலேறி போர்ட் பிளேயர் வந்து இறங்கினேன். கப்பலில் நாலு நாள் வாந்தி. அலுவலகத்தில் ஆறு மாதம் இந்தி. அப்புறம் டைப், அப்புறம் கோப்புக்கு நாடா கட்டுவது எப்படி, மேலதிகாரி எந்த மாதிரி இருமினால் உள்ளே போகக் கூடாது என்பது. என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். வீடுகளைக் கணக்கெடுக்கும் பிரிவில் குமாஸ்தாவாகப் போட்டார்கள். பிறகு ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அதே பிரிவுதான். பிறர் வீட்டை எண்ணியே என் ஆயுள் போயிற்று.

அந்தக் காலத்து வாடகையைப் பற்றி இன்றைக்குச் சொன்னால் கதை என்பார்கள். வாடகையை வீட்டுக்காரன் நிர்ணயிக்கவில்லை, கப்பல் நிர்ணயித்தது. சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ கப்பல் வந்த வாரம், பெட்டியும் படுக்கையுமாக ஜனம் பஜாரில் நிற்கும். உத்தியோகத்துக்கு வந்தவன், கடை வைக்க வந்தவன், கான்ட்ராக்டருக்குக் கூலியாக வந்தவன் எல்லோருக்கும் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒரு கூரை வேண்டும். மழையிலே நின்று பேரம் பேச முடியாது. அந்த வாரம் பன்னிரண்டு ரூபாய் அறைக்குப் பதினெட்டு கேட்பார்கள். கப்பல் திரும்பும்போது ஊருக்குப் போகிறவர்கள் காலி செய்வார்கள், மறுபடி பன்னிரண்டுக்கு இறங்கும். விவரம் தெரிந்தவன் முதல் வாரம் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொண்டு, கப்பல் கிளம்பிய பிறகு அறை பார்ப்பான். எனக்கு விவரம் தெரியாது. பதினெட்டு ரூபாய்க்குத்தான் பிடித்தேன்.

கப்பலுக்கு அடுத்தது கூரை. ஓலைக்கு ஒரு விலை, தகரத்துக்கு ஒரு விலை. வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்யும் ஊரில் தகரம் என்பது கௌரவம். மரத்துக்குப் பஞ்சமில்லை, சுவரெல்லாம் பலகை. சிமெண்டு மெயின்லாண்டிலிருந்து வர வேண்டும். கடல் காற்றில் பாதி மூட்டை கல்லாகித்தான் வந்து சேரும். கான்கிரீட் வீடு என்றால் பெரிய அதிகாரிகளுக்கு மட்டும்தான். மூன்றாவது, குழாய் எத்தனை தூரம் என்பது. குழாயடியில் இருந்து ஒரு சத்தத்துக்குக் கூப்பிட்டால் கேட்கிற அறைக்கு இரண்டு ரூபாய் கூட.

நான் பிடித்த அறை ஷாதிபூரில் செல்லையா என்பவருடைய வளவில் இருந்தது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சின்ன கான்ட்ராக்டர். முன்னால் அவர் குடும்பம் இருந்த வீடு. பின்னால் நீளமாக ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தார். ஓர் அறையில் நான். மறு அறையில் காளிமுத்து என்ற கலாசியும் அவன் மனைவி பூரணமும். காளிமுத்துவுக்கு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் இருந்து தீவுகளுக்குப் போகும் படகில் வேலை. போனால் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பூரணம்தான் வீட்டுக்கு ஆணும் பெண்ணும். நடுவிலிருந்த பலகை கூரையைத் தொடாது. அவள் மீன் வறுத்தால் எனக்கு வாசனை வரும், நான் சோறு குழையவிட்டால் அவளுக்குத் தெரியும். “அண்ணே, வடிச்சிட்டீங்களா, இல்ல கஞ்சியாவே குடிக்கப் போறீங்களா?” என்று தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து கேட்பாள். பாதி நாள் அவள் குழம்புதான் என் சோற்றுக்கு. வாழ்க்கையில் நான் கொடுத்து வைத்தவன் என்று நினைத்த சில வருடங்களில் அவையும் சேர்த்தி.

அறைக்குள் பெட்டியை வைத்த முதல் நாளே செல்லையா வந்து பக்கத்தில் குந்தினார்.

“தம்பி, ஒரு விஷயம். யாரு வந்து கேட்டாலும் மேமான்னு சொல்லிருங்க. கிராயாங்கிற பேச்சே வாயில வரக் கூடாது.”

கிராயா என்றால் வாடகை; மேமான் என்றால் இந்தியில் விருந்தாளி. இந்த ஊரில் நான் முதலில் கற்றுக்கொண்ட இந்திச் சொல் அதுதான். காரணம் இதுதான். தீவில் மண் பூராவும் சர்க்காருடையது. வீட்டுக்காரன் என்பவன் அந்த மண்ணில் வீடு கட்டிக்கொள்ள அனுமதி வாங்கியவன், அவ்வளவே. வாடகைக்கு விடுவதானால் தனியாக அனுமதி வேண்டும். அந்த அனுமதியை யாரும் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாடகைக்கு விட்டது தெரிந்தால் மனையே ரத்தாகும். மனை ரத்தானால் வீட்டுக்காரனோடு குடியிருப்பவனும் தெருவில் நிற்பான். அதனால் இரண்டு தரப்பும் சேர்ந்தே பொய் சொன்னார்கள். தெருவில் யாரைக் கேட்டாலும் மேமான். தமிழன், தெலுங்கன், வங்காளி, மலையாளி எல்லோருக்கும் அந்த ஒரு சொல் பொது. ஷாதிபூரைப் போல விருந்தாளிகள் நிறைந்த தெரு உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

இனி என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோஷால் பாபு என்று கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், வங்காளி. மழையோ வெயிலோ கக்கத்தில் ஒரு குடை இருக்கும். ஒரு முனை சிவப்பும் மறு முனை நீலமுமாக இருக்கும் பென்சிலைச் சட்டைப் பையில் குத்தியிருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுவதும் இல்லை, பாராட்டுவதும் இல்லை. கேள்வி மட்டும் கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். மூன்றாவது தடவை வரைக்கும் பொய்யில் நின்றவரை நான் பார்த்ததில்லை.

அவருடைய முறை எளிமையானது. வீட்டுக்குள் எத்தனை பேர் என்று கேட்காதே, எத்தனை அடுப்பு என்று பார் என்பார். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் ஒரே குடும்பம். தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடித்தனம், அவன் யாராக இருந்தாலும் சரி. சுற்றிவிட்டு வந்து சாயங்காலம் அவர் மேஜை முன்னால் நின்றால், தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: “சூல்ஹா கித்னா?” அடுப்பு எத்தனை என்று. எங்களிடம் இரண்டு புத்தகம் உண்டு. வீடு வீடாகப் போகும்போது பென்சிலால் கிறுக்குவது கச்சா நோட்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து மையால் திருத்தமாக எழுதுவது பக்கா ரிஜிஸ்டர். கச்சாவில் அடுப்பு எண்ணிக்கை, பக்காவில் குடித்தனக்காரரின் பெயரும் உறவும்.

அறுபதுகளின் நடுவில் ஷாதிபூர் என் பங்குக்கு வந்தது. அதற்குள் ஒரு கோடைக்கு ஒரு கோடை ஊர் பெருத்துவிட்டது. என் அறைக்கு முப்பது ரூபாய் ஆகியிருந்தது. தெரிந்தவன் என்பதால் செல்லையா இருபத்தைந்துக்கு விட்டிருந்தார். தெருவைச் சுற்றினேன். பழக்கத்தில் எல்லா வீட்டு அடுப்பையும் கச்சாவில் எண்ணி எழுதினேன். செல்லையா வளவுக்கு நேரே மூன்று என்று எழுதினேன். அவருடையது ஒன்று, பூரணத்துடையது ஒன்று, மூன்றாவது என்னுடையது.

அன்று இரவு அதை ரிஜிஸ்டரில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் விஷயம் உறைத்தது. தெருவில் பாதிப் பேரை வாடகைக்காரர் என்று எழுதினால் பாதித் தெருவுக்கு நோட்டீஸ் போகும். அதில் ஒரு வாடகைக்காரன் கணக்கெடுக்கிற குமாஸ்தாவே. அலுவலகத்தில் நான் கொடுத்த விலாசத்தில் ‘உறவினர் வீடு’ என்று எழுதியிருந்தேன். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினேன். அப்புறம் ஒன்று விடாமல் மேமான், மேமான், மேமான் என்று எழுதி முடித்தேன். என் பெயருக்கு நேரேயும் அதையே எழுதினேன். பயத்தில்தான் செய்தேன். தெருவுக்கு நல்லது செய்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கோஷால் பாபு ஒவ்வொரு வீடாகக் கேட்டு வந்தார். செல்லையா வளவு வந்தது.

“சூல்ஹா கித்னா?”

“ஏக், சார்.” ஒன்று என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, ஷாதிபூரைவிட்டுப் போனேன். என் அறையைச் செல்லையா சாமான் போடும் இடமாக்கிக்கொண்டார். எழுபதுகள் பிறந்ததும் வீட்டு நிலவரம் தலைகீழானது. புதிது புதிதாக இலாகாக்கள் வந்தன. மெயின்லாண்டிலிருந்து குடும்பத்தோடு வருகிற அதிகாரிகளுக்குக் குவார்ட்டர்ஸ் போதவில்லை. இலாகாவே வெளியில் வீடு பார்த்து வாடகைக்கு எடுத்தது. அதற்கு உரிய அனுமதியையும் இலாகாவே வாங்கிக் கொடுத்தது. கான்கிரீட் வீடாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒரு தகரக் கொட்டகை பத்து வருடத்தில் தராததை ஒரு கான்கிரீட் வீடு ஒரே வருடத்தில் தந்தது. தெருத்தெருவாகத் தகரம் பிரிந்தது. மேமான்கள் யாருக்கும் வேண்டாதவர்கள் ஆனார்கள்.

செல்லையா பூரணத்திடம், அடுத்த கப்பல் வருவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கப்பல் வந்தால் கட்டடச் சாமான் வரும். பூரணத்துக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். புதிதாக அறை பார்க்கப் போனால் காளிமுத்து சம்பளத்தில் பாதியைக் கேட்டார்கள்.

அதே சமயத்தில் ஓர் உத்தரவும் வந்திருந்தது. பத்து வருடத்துக்கு மேல் தனிக் குடித்தனமாக வாடகைக்கு இருந்து, வீடு இடிபடுவதால் வெளியேறுகிறவர்களுக்கு, ஊருக்கு வெளியே பெரார்கஞ்ச் போகிற பாதையில் சொந்தமாக மனை. ஒரே ஒரு தடவை. ரிஜிஸ்டரில் வாடகைக்காரர் என்று இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பூரணம் அலுவலகத்துக்கு வந்தாள். நேராக என் மேஜைக்குத்தான் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, நல்லவேளை, நீங்கதான எழுதுனீக அன்னைக்கு. எம் பேரப் பாத்துச் சொல்லிருங்க.”

ரிஜிஸ்டரை எடுத்துத் திறந்தேன். என் கையெழுத்துதான். அந்தக் காலத்தில் எனக்கு நல்ல கையெழுத்து. ‘காளிமுத்து, பூரணம் - மேமான்.’ அதற்குக் கீழ்வரியில் நான்: ‘பாண்டியன் - மேமான்.’ படித்துச் சொன்னேன்.

“மேமானா? நானா? தடுப்புக்கு அந்தாண்ட உக்காந்து எங் கொழம்பத் தின்னுட்டு மேமான்னா எழுதுனீக?”

பார்க்கலாம், மனு எழுதிக் கொடு என்றேன். சர்க்கார் உத்தியோகத்தில் பதில் இல்லாதபோது சொல்கிற வார்த்தை அது. வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தக் கச்சா நோட்டு இருந்தது. செல்லையா வளவுக்கு நேரே பென்சிலில் ‘அடுப்பு 3’ என்று இருப்பது எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் வைத்தால் அவளுக்கு மனை. எனக்கு? பொய் ரிஜிஸ்டர் எழுதிய குமாஸ்தா, தன் பெயரிலேயே பொய் எழுதியவன். மூத்த பிள்ளை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். ஒரு வாரம் நோட்டை எடுத்து எடுத்து உள்ளே வைத்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வேறு, தைரியம் வேறு. எனக்கு முதலாவது மட்டும்தான் இருந்தது.

விசாரணை கோஷால் பாபுவின் மேஜையில் நடந்தது. செல்லையா ஒரு பக்கம், பூரணம் ஒரு பக்கம், ரிஜிஸ்டரோடு நான் நடுவில். காளிமுத்து படகில் கார் நிகோபார் போயிருந்தான். செல்லையா நல்ல இந்தியில் பணிவாகச் சொன்னார்: ஊர்க்காரப் பிள்ளைகள், பாவம் என்று இடம் கொடுத்தேன், ஒரு காசு வாங்கியதில்லை, ரிஜிஸ்டரிலும் அப்படித்தான் இருக்கிறது. அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. வாடகை வாங்கினேன் என்று சொன்னால் அவர் மனை போய்விடும்.

கோஷால் பாபு பூரணத்தைப் பார்த்தார். அவளுக்கு இந்தி தெரியும், ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

“சாப், பன்னெண்டு வருசமா நான் இவரு வீட்டு மேமான்னா, ஒரு நாளாச்சும் எனக்கு ஒரு டீத்தண்ணி போட்டுக் குடுத்திருக்காரான்னு கேளுங்க. தானே வெறகு பொறுக்கி, தானே ஒல வச்சு, தானே பொங்கித் தின்ன மேமான எந்த ஊர்லயாச்சும் பாத்திருக்கீகளா?”

மொழிபெயர்த்தேன். கோஷால் பாபுவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. செல்லையா பக்கம் திரும்பி, இவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று கேட்டார். எங்கள் அடுப்பில்தான் என்றார் செல்லையா. வேறு அடுப்பு இல்லையா? இல்லை. கோஷால் பாபு அதே குரலில் மறுபடி கேட்டார். செல்லையா மறுபடி இல்லை என்றார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. நாளைக்குக் காலையில் இடத்தைப் பார்க்கலாம் என்று குடையை எடுத்தார்.

காலையில் போனோம். செல்லையா சும்மா இருக்கவில்லை. பூரணம் குழாயடிக்குப் போன நேரத்தில் அவள் அடுப்பை இடித்து, தரையைச் சாணி போட்டு மெழுகி, மேலே நெல் மூட்டை இரண்டை அடுக்கியிருந்தார். என் பழைய அறையிலும் தரை சுத்தமாக இருந்தது. நடுவில் இருந்த பலகையையும் எடுத்துவிட்டார், கொட்டகை ஒரே கூடமாகக் கிடந்தது. பூரணம் மூலையில் சட்டி பானைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் காட்ட ஒன்றும் மிச்சமில்லை.

கோஷால் பாபு தரையைப் பார்க்கவே இல்லை. வாசலில் குடையை மடக்கிவிட்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். தகரம் முழுக்கத் துரு. பூரணம் இருந்த பக்கத்து மூலைக்கு மேலே அண்டா அகலத்துக்குக் கரி அப்பியிருந்தது. பன்னிரண்டு வருடப் புகை. அடுப்பை இடிக்கலாம், தரையை மெழுகலாம், ஏணி வைத்துத் தகரத்தைச் சுரண்ட யாருக்கும் தோன்றாது.

குடை நுனியை அதன் பக்கம் நீட்டி, “ஏக்” என்றார். முன் வீட்டு அடுக்களைப் பக்கம் நீட்டி, “தோ” என்றார். அப்புறம் குடை நகர்ந்து கொட்டகையின் மறுகோடிக்குப் போயிற்று. அங்கேயும் கரி. கொஞ்சம் சின்னது, ஒரு தட்டு அளவு.

“யே தீஸ்ரா? இந்த மூன்றாவது யாருடையது?”

செல்லையா என்னைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. பூரணம்தான் முந்திக்கொண்டாள்.

“அதும் என்னோடதுதான் சாப். மழைக்கு ஒழுகும், அப்ப அங்கன வச்சுக்குவேன்.”

என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். ஆனால் அந்தப் பொய் அவளைத்தான் கவிழ்க்கும். ஒரு குடித்தனத்துக்கு இரண்டு அடுப்பு என்பது கோஷால் பாபுவின் கணக்கில் கிடையாது. ஒரு பொய் பிடிபட்டால் மற்றதையும் நம்ப மாட்டார். அவர் அவளைப் பார்த்து, அதே குரலில் இரண்டாவது தடவை கேட்டார். அவள் அதையே சொன்னாள். மூன்றாவது தடவை கேட்க அவர் வாயைத் திறந்தார்.

“மேரா ஹை, சார்” என்றேன். என்னுடையது. “நானும் இங்கே வாடகைக்கு இருந்தேன். ரிஜிஸ்டரில் பொய் எழுதியது நான்தான். கச்சா நோட்டு என்னிடம் இருக்கிறது.”

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கோஷால் பாபு பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, நீலப் பென்சிலால் மூன்று என்று எழுதினார். அவ்வளவுதான். அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தோம். மழை பிடித்துக்கொண்டது. குடைக்குள் என்னைக் கூப்பிடவும் இல்லை, நனையச் சொல்லவும் இல்லை. நான் நனைந்தேன்.

கச்சா நோட்டைக் கொண்டுவந்து வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஷாதிபூர் முழுவதையும் ஒப்பிட்டார். அதற்கு மூன்று நாள் ஆயிற்று. பிறகு சிவப்புப் பென்சிலை என் கையில் கொடுத்து, மேமான் என்று இருந்த ஒவ்வோர் இடத்தையும் என்னையே அடிக்கச் சொன்னார். பக்கத்தில் மையால் கிராயதார், அதாவது வாடகைக்காரர் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போடச் சொன்னார். என் பெயர் இருந்த வரியை அடிக்கும்போது மட்டும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் எனக்குச் செய்த ஒரே தயவு அது.

நோட்டீஸ் எதுவும் போகவில்லை. தெரு முழுக்க ரத்து செய்ய மேலிடத்துக்கும் துணிவில்லை. வீட்டுக்காரர்களை எச்சரித்து விட்டார்கள். எனக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது, மாயாபந்தருக்கு மாற்றலும் வந்தது. செல்லையா கான்கிரீட் வீடு கட்டி இலாகாவுக்கு விட்டார், சாகும்வரை என்னோடு பேசவில்லை. அவர் வளவின் பெயரைச் சொன்னாலே இன்றும் எனக்கு மனசு கனக்கும். பூரணத்துக்கு மனை கிடைத்தது. படகுத்துறையில் என்னை வழியனுப்ப வந்தவள், மீன் ஊறுகாய் பாட்டிலைக் கையில் திணித்து, “எதுக்குண்ணே வாயத் தொறந்தீக? நான்தான் சொல்லிட்டேன்ல” என்று திட்டினாள். அழுதுகொண்டேதான் திட்டினாள்.

மாயாபந்தர் முடிந்து திரும்பி வந்தபோது கோஷால் பாபு ஓய்வு பெற்று மெயின்லாண்டு போய்விட்டார். அவர் மேஜை என்னிடம் வந்தது. எழுபதுகளின் கடைசியில் பெரார்கஞ்ச் பாதையோரத்து மனைகளைக் கணக்கெடுத்தார்கள். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டை நானே போய்ச் சரிபார்ப்பது வழக்கம். பூரணம் வீடும் அதில் வந்தது.

பலகைச் சுவர், நல்ல தகரம், வாசலில் பாக்குக் கன்றுகள். என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார வைத்தாள், பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள், மீன் ஆய்கிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். நான் வேலையை முடித்துவிடுகிறேன் என்று எழுந்து பின்பக்கம் போனேன். அங்கே ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தது. உள்ளே ஒரு சின்னப் பெண், தெலுங்குப் பெண் என்று நினைக்கிறேன், இடுப்பில் கைக்குழந்தையோடு குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

“யாரு பூரணம்?”

கண்ணைக்கூட இமைக்கவில்லை. “மேமான்தாண்ணே.”

நான் தலையைத் தூக்கித் தகரத்தைப் பார்த்தேன். புதுத் தகரம். அதற்குள் ஒரு தட்டு அளவுக்குக் கரி பிடித்திருந்தது. பூரணமும் மேலே பார்த்தாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் தீவில் ஒருவர் இருந்தார், அவர் கல்கத்தா போய்விட்டார்.

“எழுதாதீகண்ணே” என்றாள் மெல்ல. “மூத்தவளுக்கு மாப்ள பாக்குறோம். இந்தக் கிராயா ஒண்ணுதான் கைக்கு ஒதவுது. மனைய ரத்துப் பண்ணிட்டா எங்க போவேன்?”

இப்போது அனுமதி கொடுக்கிறார்கள், படிவம் பையிலேயே இருக்கிறது, ஒரு மாதத்தில் வாங்கித் தருகிறேன், ஒன்றும் ஆகாது என்றேன்.

“ஒண்ணும் ஆவாதுன்னுதான் செல்லையா அண்ணாச்சியும் அன்னைக்குச் சொன்னாக.”

அந்தச் சின்னப் பெண் எங்கள் தமிழ் புரியாமல் ஊதுகுழலோடு எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரையும் புருஷன் பெயரையும் இந்தியில் கேட்டேன். சொன்னாள். எழுதினேன். உறவு என்ற இடத்தில் கிராயதார் என்று எழுதினேன். பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கவில்லை, ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

பூரணத்துக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் என் கை போன தூரம் தெரிந்தது. மேமான் சின்னச் சொல், கிராயதார் நீளமானது. அவள் உள்ளே போனாள். சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. மீன் வாசனை வரவில்லை.

கணக்குக்காக வாசல் பலகையில் இன்னும் சற்று உட்கார்ந்து கூரை, சுவர், குழாய் எல்லாம் எழுதி முடித்தேன். கிளம்பும்போது பின்னாலிருந்து காலடி கேட்டது. பூரணம் என்று திரும்பினேன். அந்தச் சின்னப் பெண், குழந்தையை ஒரு கையிலும் ஆவி பறக்கும் கண்ணாடி டம்ளரை மறு கையிலுமாக நின்றாள். கோஷால் பாபுவின் மேஜை எனக்கு வந்த நாளிலிருந்து நானும் யார் வீட்டிலும் எதுவும் குடிப்பதில்லை. வேண்டாம் என்று கை காட்டினேன்.

“சாய் பீஜியே, சாப்” என்றாள் பிடிவாதமாக. “ஆப் மேமான் ஹைங்.” நீங்கள் விருந்தாளி.

வாங்கிக் குடித்தேன். விறகுப் புகை வாசனை அடித்தது.